மஞ்சள்

மருந்தைச் சொட்டுகிறேன்.
கண்ணாடிக் குழாய்க்குள் இளஞ்சிவப்பு
ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு
மஞ்சளாகிறது.

"மஞ்சளாச்சே" என்கிறாள் சாலம்மாள்.
"அப்ப நல்ல சகுனந்தானே?"

வண்ண அட்டையைக் குனிந்து பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் குனிந்தே இருக்கிறேன்.

பென்னாகரம் தாண்டி மண்ரோடு முடிகிற இடத்தில்
அவள் காடு.
மூன்று குழி போட்டதில் புகைதான் வந்தது.
நாலாவதுக்கு
தேங்காய் உள்ளங்கையில் எழுந்து நின்றதாம்.
தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது.
எண்ணூற்று நாற்பதாவது அடியில்
கல்மாவு குழைந்து, சேறாகி,
வெள்ளையாய்ப் பீறிட்டு,
பிறகு தண்ணீர்.
அன்றைக்குச் சேலையெல்லாம் நனைய
நின்று அழுதவளிடம்
லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் என்பதை
எந்தக் குரலில் சொல்ல?

பயிற்சிப் புத்தகத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது:
மக்களின் தவறான நம்பிக்கைகளை மென்மையாகக் களைக.
களையெடுத்தவர்கள் எழுதியதில்லை அது.
கேழ்வரகுக்கு நடுவே
கேழ்வரகு போலவே ஒரு புல் நிற்கும்.
எது எதன் வேர் என்று
இழுத்த பிறகுதான் தெரியும்.

எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.
கை தானாக மேலே போகும்.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்
உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தேன்.
அடக்கமான பெண் என்றார்கள்.
கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால்
எழவு வீட்டில் எடுத்த படங்கள் மாதிரி இருக்கும்.

வேதியியல் படித்ததே
பல்லின் பழுப்புக்கு ஒரு பெயர் கிடைக்குமென்று.
கிடைத்தது.
பழுப்பு அப்படியே இருக்கிறது.
பெயர் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று
நான் நம்பியதை
யார் வந்து மென்மையாகக் களைந்தார்கள்?

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்.
தொப்பூர் கணவாய் இறங்கி முடித்ததும்
ஒரு மிஸ்டு கால்.
அது வரும்வரை
அடுப்பை அணைக்க மாட்டேன்,
வெறும் அடுப்பு, மேலே பாத்திரம்கூட இருக்காது.
எரிகிற வரைக்கும் பிரேக் பிடிக்கும்.
இதற்கு எந்தக் குழாயில்
எத்தனை சொட்டு விட வேண்டுமென்று
எனக்குத் தெரியாது.

"உப்புத் தண்ணியா? சொல்லு."
உப்பில்லை.
இளநீர் மாதிரி இருக்கும், அதுதான் கஷ்டம்.
சொன்னேன்.
எலும்பு என்றேன், பிள்ளைகளின் முட்டி என்றேன்,
காவிரிக் குழாய் என்றேன்.
"அது கல்யாணப் பத்திரிகை மாதிரி
எப்பவாச்சும் வருது" என்று
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நானும் பொத்திக்கொண்டேன்.
இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம்.

போய் ஒரு சொம்பு கொண்டுவந்தாள்.
வெயிலில் வந்தவளுக்கு.
வெளியே வியர்த்திருந்தது சொம்பு.
வேண்டாம் என்று சொல்வதற்கு
வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழகுகிறேன்.
குடித்தேன்.
கடைசிச் சொட்டு வரை.

பிறகு சிவப்புப் பெயின்ட்டைத் திறந்து
தொட்டிச் சுவரில் பெருக்கல் குறி போட்டு
குடிக்க உதவாது என்று எழுதிவிட்டு
நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆடி கழிந்து மறுபடி போனபோது
பெயின்ட் வெளுத்திருந்தது.
இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில்
யாரோ மஞ்சள் அப்பி
குங்குமம் வைத்திருந்தார்கள்.
கீழே பாதி எலுமிச்சை, காய்ந்து.

நான் கேட்கவில்லை.
அவளாகச் சொன்னாள்:
"புள்ளைங்களுக்குக் காவிரித் தண்ணிதான், புடிச்சு வெச்சிருக்கேன்.
எனக்கு இது.
இது நான் பெத்த தண்ணி."

தூரிகையை நனைத்து
கோடுகளைத் திரும்ப இழுத்தேன்,
நான்கு பக்கமிருந்தும்,
மஞ்சளின் ஓரம் வரை வந்து
நிறுத்தி.